உள்ளிருந்து திறக்கும் கதவு

மார்ச் 10, ஞாயிறு. சிங்கப்பூர்

ஈரோட்டு டாக்டர் தினமும் எழுதிவைக்கச் சொன்னது நான்கே விஷயம். என் வீட்டுக்காரர் தூங்கினாரா, சாப்பிட்டாரா, கோபப்பட்டாரா, சொல்லாமல் வெளியே போனாரா. தூங்கினார். சாப்பிட்டார். வெளியே போகவில்லை. கோபம் இன்றைக்கு எனக்குத்தான்.

மகள் தாரணிக்கு ஆபீஸில் லீவை ரத்து செய்துவிட்டார்கள். மாப்பிள்ளையும் அதே ஆபீஸ். கப்பல் டிக்கெட்டை இனி மாற்ற முடியாதாம். "நீயும் அப்பாவும் மட்டும் போயிட்டு வாங்கம்மா. அஞ்சு நாள்தான். அப்பா நெம்ப எளச்சுட்டாரு, கடல் காத்து பட்டாச் சரியாயிரும்" என்கிறாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

அப்பாவுக்குக் கொஞ்சம் மறதி என்பது வரைக்கும்தான் அவளுக்குத் தெரியும். வந்த எட்டு நாளாகப் பார்க், கோயில், தூக்கம் என்று ஏதாவது சாக்குச் சொல்லி, அவர் அவளோடு அதிகம் பேசாதபடி பார்த்துக்கொண்டேன். முழுசாகத் தெரிந்தால் கோயம்புத்தூரில் ஏதாவது ஒரு ஹோமில் அவரைச் சேர்த்துவிட்டு என்னை இங்கே கூட்டிக்கொள்வாள். எங்கள் வீதியில் ரிட்டயர்டு வாத்தியாரை அப்படித்தான் சேர்த்தார்கள். நடந்து போன மனுசன் மூன்றே மாதத்தில் ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார்.

கப்பல்காரர்கள் ஃபாரத்தில் உடம்பைப் பற்றிப் பதினேழு கேள்விகள். தாரணி ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். பதினேழுக்கும் இல்லை என்று சொன்னேன்.

மார்ச் 11, திங்கள். கப்பல்

இதைக் கப்பல் என்று யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. பதினைந்து மாடி, கடைவீதி, நீச்சல் குளம். என் வீட்டுக்காரருக்குப் பார்த்ததும் முகமே மாறிவிட்டது. முப்பத்தோரு வருஷம் ஈரோடு பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். கூட்டமும் மூட்டை முடிச்சும் கண்டால் போதும், பழைய சென்னியப்பன் ஆகிவிடுவார். "அம்மிணி, இங்க எத்தன பிளாட்பாரம்?" என்றார். நிறைய இருக்குதுங்க, நடங்க என்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் ரூம் ஒன்பதாம் மாடி. ஒரு கட்டில், ஒரு அலமாரி, கண்ணாடிக் கதவைத் திறந்தால் கடலைப் பார்த்த சின்ன பால்கனி. அலமாரியில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு விசில். அவர் அதை எடுத்து ஊதிப் பார்த்தார். பிடுங்கிவைத்தேன்.

ரூமைப் பார்த்துக்கொள்கிற பையன் வந்தான். முப்பது வயசு இருக்கும். "நா கிளாட்வின்மா. தூத்துக்குடி. இந்த வரிசையில பதினாறு ரூமு என் பொறுப்பு. காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ வருவேன்."

"வேண்டாங் கண்ணு. நானே கூட்டிக்கிறேன். வெளக்குமாறு மட்டும் குடுத்துட்டுப் போ."

சிரித்தான். "வெளக்குமாறெல்லாம் குடுக்க முடியாதும்மா. வரவேண்டாம்னா இந்த அட்டைய வெளிய மாட்டிருங்க, வர மாட்டேன். ஆனா ஒரு நாளைக்கு ஒரு தடவையாச்சும் ஆளக் கண்ணால பாத்துறணும். அது ரூல்."

"எதுக்கு?"

"உள்ள யாராச்சும் முடியாமக் கெடந்தா யாருக்குத் தெரியும்? அதுக்குத்தான்."

பதினாறு ரூமுக்கும் அவன் கையில் ஒரே கார்டு. சத்துணவு அமைப்பாளராக இருந்த காலம் முழுக்க அரிசி ரூம் சாவியை நான் ஹெட்மாஸ்டரிடம்கூடக் கொடுத்ததில்லை. இங்கே என்னடாவென்றால் ஊரான் ஒருத்தன் கையில் நம் ரூம் சாவி. நாங்கள் வெளியே போனால் எப்படிப் பூட்டுவது என்று கேட்டேன்.

"சாத்துனாத் தானாப் பூட்டிக்கும்மா. வெளிய இருந்து கார்டு இல்லாமத் தொறக்காது."

"உள்ள இருந்து?"

"உள்ள இருந்து எப்பவும் தொறக்கும். சின்னப் புள்ள இழுத்தாலும் தொறக்கும். தீ கீ பிடிச்சா ஆளு வெளிய வரணும்லா."

அப்படியா என்றேன். வீட்டில் இந்தத் தொல்லை இல்லை.

மார்ச் 12, செவ்வாய். நடுக்கடல்

காலையில் நான் குளிக்கப் போன நான்கு நிமிஷத்தில் ஆளைக் காணோம். ஈரத் தலையோடு ஓடினேன். லிப்ட் வாசலில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருக்கிறார். "கோபி, சத்தி ஏறுங்க. உள்ள போங்க, உள்ள போங்க, எடம் கெடக்குது." ஒரு சீனக் குடும்பம் சிரித்துக்கொண்டே உள்ளே நகர்ந்து நின்றது. தமாஷான பெரியவர் என்று நினைத்திருப்பார்கள். நானும் சிரித்தபடியே மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்தேன்.

சாப்பாட்டு ஹாலுக்கு அவரைக் கூட்டிப்போக முடியாது. தட்டுச் சத்தத்துக்குக் கோபம் வந்துவிடுகிறது. நான்தான் போய் எடுத்துவர வேண்டும். கதவை ஒழுங்காகச் சாத்தி, அட்டையை மாட்டிவிட்டுத்தான் போனேன். ரொட்டிக்கும் தயிருக்கும் இருபது நிமிஷம் வரிசை. திரும்பி வந்தால் வாசலில் கிளாட்வின் நிற்கிறான். ஏதோ சொன்னான். நானும் ஏதோ சொன்னேன். எழுதும்படி ஒன்றும் இல்லை.

சாயங்காலம் கட்டில் மேல் வைத்திருந்த துண்டுகளோடு என் பாவாடை நாடாவையும் சுருட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். திமிர்தான்.

தூக்கம்: இல்லை. இருவருக்கும்.

மார்ச் 13, புதன். பினாங்கு, மதியம்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கப்பல் கரையில் நிற்கிறது. முக்கால்வாசிப் பேர் ஊர் பார்க்க இறங்கிப் போய்விட்டார்கள். பால்கனியிலிருந்து பார்த்தால் கீழே வரிசையாகப் பதினோரு டூரிஸ்ட் பஸ். விடிந்ததிலிருந்து அவர் கம்பியை விட்டு நகரவில்லை. ஒரு வண்டி கிளம்பாவிட்டால் டிரைவரைத் திட்டுகிறார். உள்ளே இழுத்துவந்து, கண்ணாடிக் கதவைச் சாத்தி, அட்டையை மாட்டிவிட்டுச் சாப்பாடு எடுக்கப் போனேன்.

கால்மணி நேரம்கூட இருக்காது. வந்து பார்த்தால் ரூம் கதவு விரியத் திறந்துகிடக்கிறது. உள்ளே கிளாட்வின், அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் கட்டிலில் அழுத்தி உட்காரவைத்துக்கொண்டிருக்கிறான். அவர் கத்துகிறார். "திருடன், திருடன். என் வாட்ச்சப் புடுங்கிட்டான்." மணிக்கட்டில் வாட்ச் இல்லை.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ரூம் அம்மாள் ஓடிவந்து போன் போட்டுவிட்டாள். செக்யூரிட்டி ஆட்கள் இரண்டு பேர் வந்து கிளாட்வினை அழைத்துக்கொண்டு போனார்கள். போகும்போது என் முகத்தைப் பார்த்தான்.

பால்கனிக் கதவு திறந்திருந்தது. கம்பியை ஒட்டி ஒரு நாற்காலி கிடந்தது. அதை நான் அப்புறம்தான் பார்த்தேன்.

வரவேற்பிலிருந்து தவமலர் என்று ஒரு பெண் வந்தாள். மலேசியத் தமிழ்ப் பெண், நல்ல மரியாதை. "கவலப்படாதீங்க ஆன்ட்டி. அட்டை மாட்டியிருக்கறப்ப அவரு உள்ள வந்ததே தப்பு. எத்தன மணிக்குத் திறந்தாருன்னு பூட்டுலயே பதிவாயிருக்கு."

"அந்தப் பையன் என்ன சொன்னான்?"

"உள்ள சத்தம் கேட்டுச்சி, போனேன்னு மட்டும் சொல்றாரு. வேற ஒண்ணும் சொல்லல."

வேறு ஒன்றும் சொல்லவில்லையாம்.

மார்ச் 13, சாயங்காலம்

வாட்ச் கிடைக்கவில்லை. புதிதாக ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். மூன்று தடவை தட்டிவிட்டு, நான் சொன்ன பிறகுதான் வருகிறாள். இப்படித்தான் இருக்க வேண்டும்.

அவர் சாப்பிடவில்லை. இரண்டு மணிக்கட்டும் சிவந்திருக்கிறது.

மார்ச் 14, வியாழன். புக்கெட்

இறங்கவில்லை.

வாட்ச் நேற்று மதியமே கிடைத்துவிட்டது. மிதவைச் சட்டையின் பைக்குள் அவரேதான் கழற்றி வைத்திருக்கிறார். நேற்று எழுத விட்டுப்போயிற்று.

விட்டுப்போகவில்லை. எழுதவில்லை. டாக்டரைத் தவிர யாரும் படிக்காத நோட்டில்கூடப் புளுக ஆரம்பித்துவிட்டேன். எனக்கே அசிங்கமாக இருக்கிறது. எழுதித் தொலைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நான் கதவைச் சாத்திவிட்டு மட்டும் போகவில்லை. பாவாடை நாடாவை உருவி, கதவின் வெளிப்பிடியில் ஒரு முனையும், பக்கத்துச் சுவரில் நடைபாதை நீளத்துக்கும் ஓடுகிற கைப்பிடிக் கம்பியில் மறு முனையும் கட்டிவிட்டுப் போனேன். கதவு உள்பக்கமாகத் திறப்பது. வெளியே இழுத்துக் கட்டிவிட்டால் உள்ளேயிருந்து நாலு விரற்கடைக்கு மேல் திறக்காது. திரும்பி வந்தபோது கிளாட்வின் அதைத்தான் அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"யம்மா, என்ன செஞ்சு வச்சிருக்கீய? தீப்பிடிச்சா அய்யா எப்படி வெளிய வருவாவ?"

"அவரு வெளிய வந்தாத்தான் கண்ணு ஆபத்து."

"இத நா மேல சொல்லணும்மா."

அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். "சொல்லீராத சாமி. தெரிஞ்சா எறக்கி உட்டுருவாங்க. எம்பட புள்ளைக்குத் தெரிஞ்சுரும். அவரக் கொண்டுபோய் ஹோம்ல தள்ளீருவா."

கையை விடுவித்துக்கொண்டு நாடாவைச் சுருட்டினான். "இந்த ஒரு தடவ விடுதேன். திருப்பிக் கட்டிராதீய. சொல்லாம விட்டது தெரிஞ்சா என் வேலை போயிரும்."

மறுநாளே திருப்பிக் கட்டினேன். இரட்டை முடிச்சு.

நேற்று அவர் முதலில் கதவைத்தான் இழுத்துப் பார்த்திருப்பார். விசிலை எடுத்து ஊதியிருப்பார். கதவு வரவில்லை என்றதும்தான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பஸ்களைப் பார்க்கப் பால்கனிக்குப் போயிருப்பார். கதவு திறந்திருந்தால் எங்கே போயிருக்கப் போகிறார்? லிப்ட் வாசலுக்குத்தான். பால்கனிக் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒன்பது மாடிப் பள்ளம். அந்தப் பையன் என் இரட்டை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர் நாற்காலியில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறார்.

நாடாவை அவன் யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் செவ்வாய்க்கிழமைக் கதையும் வெளியே வரும் என்று தனக்காகப் பயந்தானா, எனக்காக விட்டானா தெரியவில்லை. நான்தான் அவனைப் பார்த்ததும் "திருடன்" என்று அவரோடு சேர்ந்து கத்தினேன். நேற்று அதையும் எழுதவில்லை.

மதியம் தவமலர் வந்தாள். நாளைக்குப் பதினொரு மணிக்கு நான் ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டுமாம். சனிக்கிழமை சிங்கப்பூரில் அவனை இறக்கி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

"வேற கப்பல்ல சேந்துக்குவானில்ல?" என்றேன்.

"ரூம்ல திருடினவருன்னு எழுதிட்டாங்கன்னா எந்தக் கப்பல்லயும் எடுக்க மாட்டாங்க ஆன்ட்டி. நீங்க ஏன் அவருக்காக வருத்தப்படுறீங்க?"

வாட்ச் அப்போது என் ஜாக்கெட்டுக்குள் இருந்தது.

மார்ச் 15, வெள்ளி. அதிகாலை

கையெழுத்துப் போட்டால் அவன் பிழைப்பு போகும். உண்மையைச் சொன்னால் தாரணிக்குத் தெரிந்துவிடும், இவர் ஹோமுக்குப் போவார். நாற்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவர். என் பேரை மறந்தாலும் நான் பக்கத்தில் இல்லாவிட்டால் தேடுகிறார். அந்தப் பையனைத் தெரிந்து நான்கு நாள் ஆகிறது. இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அந்த நாற்காலியை நினைத்தால் கணக்கு நிற்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 15, வெள்ளி. மாலை

அவரையும் கூட்டிக்கொண்டு பதினொரு மணிக்குப் போனேன். சின்ன ரூம். நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார அம்மாள், செக்யூரிட்டிக்குத் தலைமையாம். பக்கத்தில் தவமலர். மூலையில் கிளாட்வின், தலையைக் குனிந்தபடி. பேப்பரை என் பக்கம் நகர்த்தினார்கள். நான் ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு வாட்ச்சை எடுத்து அதன் மேல் வைத்தேன்.

"இதை அவன் எடுக்கலீங். இவருதான் எடுத்து வெச்சிருக்காரு. இவருக்கு ரெண்டு வருசமா நெனவு சரியில்லீங். கதவ வெளிய நாடா போட்டுக் கட்டுனது நானுங்க. அவன் அதை அவுத்து உள்ள வந்திருக்காட்டி, இவரு இந்நேரம் இல்லீங்க."

தவமலர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் என்ன என்று கேட்ட பிறகுதான் இங்கிலீஷில் சொன்னாள்.

இப்படிக் கட்டியது எத்தனை தடவை, அதைப் பணியாளர் யாராவது முன்பே பார்த்தார்களா என்று கேட்டார்கள். கிளாட்வின் நிமிர்ந்தான்.

"ஒரே ஒரு தடவதானுங். யாரும் பாக்கலீங்" என்றேன்.

இந்தப் பொய்யை எங்கே வேண்டுமானாலும் திரும்பச் சொல்வேன்.

பிறகு அந்த அம்மாள் இன்னொன்று கேட்டாள். தவமலர் தயங்கித்தான் தமிழில் சொன்னாள். "வீட்டுல எப்படி ஆன்ட்டி பார்த்துக்கறீங்க? நீங்க கடைக்குப் போனா?"

"வெளிய பூட்டிட்டுப் போவனுங்."

"சாவி?"

"எங்கிட்டத்தான்."

"நீங்க போன நேரத்துல தீப்பிடிச்சா யாரு திறப்பாங்க?"

இரண்டு வருஷமாக ரேஷன் கடை, மாவு மில், கல்யாண வீடு என்று போய்வருகிறேன். ஒருநாள் பவானியில் பஸ் கெட்டு மூன்று மணி நேரம் நின்றிருக்கிறேன். அப்போதும் அவர் பத்திரமாக உள்ளே இருக்கிறார் என்ற நிம்மதியில் கரும்புச்சாறு வாங்கிக் குடித்தேன். ஊரில் ஒருத்தரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்கும்படி நானும் வைத்துக்கொள்ளவில்லை.

நர்ஸ் ஒருத்தி வந்து அவரைப் பார்த்தாள். ரூம் கதவில் திறந்தால் சத்தம் போடுகிற ஒரு மணியைப் பொருத்தினார்கள். பால்கனியைப் பூட்டினார்கள். நான் சாப்பாடு எடுக்கப் போகும்போது ஒரு பெண் வந்து அவரோடு உட்காருவாளாம். ஃபாரத்தில் எழுதியிருந்தால் முதல் நாளே செய்திருப்போம் என்று தவமலர் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன்.

தாரணிக்கும் அவர்களே போன் செய்து சொல்லிவிட்டார்கள்.

கிளாட்வினுக்கு வேலை இருக்கிறது. வேறு மாடிக்கு மாற்றியிருக்கிறார்கள். வெளியே வந்தபோது நின்றான்.

"மன்னிச்சுரு கண்ணு."

"அத விடுங்கம்மா. அய்யா கைய நா இறுக்கிப் புடிச்சதுல செவந்துபோச்சு. தைலம் இருந்தாத் தேச்சு விடுங்க."

மார்ச் 16, சனி. சிங்கப்பூர்

துறைமுகத்தில் தாரணி நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது. டாக்சியில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து, பேத்தி தூங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ரெண்டு வருசமா எங்கப்பாவ உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போனயாம்மா?"

"ஆமாங் கண்ணு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லத் தோணலயா?"

"சொன்னா நீ அவரக் கூட்டிட்டுப் போயிருவேன்னு பயந்தேன்."

ஹோம் என்ற வார்த்தையை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இவர் பேத்தியின் பொம்மைகளை வரிசையாக நிறுத்தி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்ச் 17, ஞாயிறு

காலையில் மாப்பிள்ளை ஜாகிங் போயிருந்தார். தாரணி பேத்தியைத் தூக்கிக்கொண்டு பால் வாங்கக் கீழே கிளம்பினாள். "அம்மா, பத்தே நிமிசம்" என்றாள். நான் அடுப்படியில் இருந்தேன். கதவுக்கு வெளியே இங்கே ஒரு கம்பி கேட் உண்டு. அது சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் சாவி திரும்புகிற சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கேட் பூட்டியிருக்கிறது. சாவி மாட்டுகிற ஆணியில் சாவி இல்லை. "தாரணி" என்று கூப்பிட்டேன். லிப்ட் போய்விட்டது. அப்பா நழுவிவிடுவாரோ என்ற பயம் அவளுக்கு. நல்லதுக்குத்தான் செய்திருக்கிறாள். நானும் நல்லதுக்குத்தான் செய்தேன்.

இவர் வந்து கம்பியைப் பிடித்தார். மெதுவாக ஒருதரம் ஆட்டினார். பிறகு பலமாக. "ஆரு பூட்டுனது? வண்டி எடுக்கோணும். தொறங்க. யாராச்சும் தொறங்க." எதிர் வீட்டு வாசலில் செருப்பு இருந்தது, ஆள் இல்லை. இரண்டு வருஷத்தில் பூட்டுக்கு இந்தப் பக்கம் நின்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவரோடு சேர்ந்து நானும் கம்பியைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. பதினோராவது மாடி. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்து போன் செய்தேன்.

"தாரணி, பால் அப்பறம் வாங்கிக்கலாங் கண்ணு. நீ முதல்ல வந்து கதவத் தொற."